அரைச்சாண் வாட்டம்

உப்பளத்தை விட்டுக் கிளம்பி அது இரண்டாம் நாள். பாலவாக்கத்து மணலும் திருவான்மியூர்க் கோபுரமும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கோவளத்துப் பாத்திகளில் வேலை கிடையாது. தை மாதம் வா என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். நான் எந்த இடத்துக்கும் இரண்டாம் தடவை போனவன் அல்ல. உப்பு தின்ற கால் வெடிப்புகளில் மணல் ஏறி எரிந்தது. தண்ணீரில் நடந்தால் எரிச்சல் கொஞ்சம் அடங்கும் என்று ரோட்டோரத்துக் குட்டைகளிலேயே கால் வைத்து நடந்தேன். அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி, பட்டணத்தையும் தாண்டி, எண்ணூர்ப் பக்கம் போகலாம் என்று யோசனை. யோசனை என்று சொல்வதுகூட அதிகம். தெற்கில் வேலை முடிந்துவிட்டது, அதனால் வடக்கு.

ஆற்றங்கரைக்குத் திரும்பும் சந்தில் ஒரு இரட்டை மாட்டு வண்டி சேற்றில் இறங்கி நின்றது. அதன் மேல் ஆளை விட உயரமான ஒரு இரும்பு உருளை, மல்லாக்கப் படுக்கவைத்துக் கயிற்றால் கட்டியிருந்தது. நாலு கூலிகள் சக்கரத்தைத் தள்ள, வண்டிக்காரன் மாடுகளை விளாசிக்கொண்டிருந்தான். காக்கி அரை டிராயரும் வெள்ளைத் துணித் தொப்பியும் போட்ட ஒருவர் போய் அவன் கைச் சாட்டையைப் பிடித்தார்.

"இன்னாத்துக்கு மாட்ட அடிக்கிற? மாடா ரோடு போட்டுச்சு?"

மாடுகளை அவிழ்த்துவிட்டார். சக்கரத்துக்கு முன்னால் சேற்றைத் தோண்டச் சொல்லி, சவுக்குக் கட்டைகளைப் பாய் விரித்த மாதிரி அடுக்கினார். வண்டியின் மூக்கிலிருந்து ஒரு வடத்தை எடுத்து எதிரே இருந்த தென்னை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

"நைனா, சொம்மாத்தானே நிக்கிறே. அந்தக் கட்டைய இப்டி போடு."

போட்டேன். என் காலைப் பார்த்தார்.

"உப்பளமா?"

"ஆமா."

"காலே சொல்லுது. பாரம் இஸ்த்துப் பழக்கம் இருக்கும். வா, இந்த வடத்தப் புடி."

அரை மணி நேரத்தில், மாடே இல்லாமல், ஆறு பேர் அந்த வண்டியைச் சேற்றிலிருந்து எடுத்துவிட்டோம். ஒரு சத்தம் இல்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. பல ஊர்களில் பாரம் இழுத்தவன் நான். இப்படி ஒரு ஆளை அதற்கு முன் பார்த்ததில்லை. வண்டியின் பின்னாலேயே நடந்தேன். எண்ணூர் எங்கேயும் ஓடிவிடாது.

அவர் பாய்லர் வேலை செய்யும் ஃபிட்டர். மீர்சாகிப்பேட்டைக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். துறைமுகத்தில் கப்பல் பாய்லர்களுக்குள் நுழைந்து வேலை செய்தவர். எல்லாரும் அவரைப் பாய் என்றே கூப்பிட்டார்கள். வண்டியில் இருந்தது சண்டை முடிந்தபின் மிலிட்டரிக்காரர்கள் ஏலத்தில் தள்ளிய பாய்லர். ஏதோ ஆஸ்பத்திரியில் துணி வெளுக்க நீராவி கொடுத்தது. அது போய்ச் சேரவேண்டிய இடம் ஆற்றைப் பார்த்த ஒரு பழைய பங்களா. கட்டியவன் ஒரு வெள்ளைக்காரத் துரை. அவனுக்கு மூட்டுவாதம். மழைக்காலத்து ஆற்றங்கரை ஈரம் ஆகாது என்று, சீமையில் செய்வது போலவே வீட்டுக்குள் இரும்புக் குழாய் ஓட்டி, பின்கட்டுக் கொட்டகையில் பாய்லர் வைத்து, நீராவியால் ஓர் அறையைச் சூடாக்கிக்கொண்டான்.

"சித்திரைல இவுங்க வூட்டுக்கு மட்டும் வெயிலு வர்லியா?" என்று கூலிகளில் ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

மறுநாள் சமையல் மாமி சொன்னதைக் கேட்டபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை. துரை போனபின் அந்த வீட்டுக்கு முதலில் வாடகைக்கு வந்து, பிறகு வாங்கியவர் ஒரு மயிலாப்பூர் வக்கீல். அவர் மனைவிக்கு நாற்பது வயது. விரல் மூட்டெல்லாம் வீங்கி, கை பூட்டிக்கொள்ளும் வியாதி. வாடகைக்கு இருந்த முதல் மழைக்காலத்தில், துரை விட்டுப்போன பாய்லரை விளையாட்டாக மூட்டிப் பார்த்தார்கள். அந்த அறையில் காலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அந்த அம்மாளின் விரல்கள் திறந்தன. தன் கையால் சாப்பிட்டார், தலை வாரிக்கொண்டார். வீட்டை விலைக்கு வாங்கியதே அதனால்தான். வாங்கிக் கிரகப்பிரவேசம் செய்தபின் பாய்லர் சத்தம் போட ஆரம்பித்தது. ஆடி மாதம் வெடிப்பு விட்டு ஒரேயடியாக நின்றது. அன்றிலிருந்து சமையல் மாமிதான் அவருக்குச் சோறு ஊட்டுகிறாள்.

"வெள்ளிக்கிழமை இந்தாத்து மாமியோட அண்ணா கோயமுத்தூர்லேர்ந்து வரார், அழைச்சுண்டு போறதுக்கு" என்றாள் சமையல் மாமி, கொல்லைப்புறத்தில் எனக்கு இலை போட்டபடியே. "டாக்டர், ஈரம் இல்லாத ஊருக்குப் போகச் சொல்லிட்டார். இவாளுக்குப் போக இஷ்டமே இல்லை. அங்கே மன்னி ஊட்டிவிடணும். அதுக்கு நான் இங்கேயே பட்டினி கிடப்பேன்னு சொல்லிண்டிருக்கா."

அன்று செவ்வாய்க்கிழமை.

பழைய பாய்லரைக் கழற்றி வெளியே எடுத்ததும் பாய் அதைக் கவிழ்த்துப் போட்டு, அதன் அடிவயிற்றை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். அடித் தகடு ஒரு இடத்தில் அப்பம் மாதிரி உப்பி, உப்பலின் நடுவில் கீறியிருந்தது.

"வயசாயி பூட்ச்சு பாய்" என்றான் ஒரு கூலி.

"வயசான இரும்பு துருப்பிடிக்கும். உப்பாது. இது தண்ணி இல்லாம எரிஞ்சிக்கீது." வெளியே வந்து குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ள அடைச்ச தண்ணி எங்கியும் போவாது. ஆவியா போனது தண்ணியா திரும்பி வந்துக்கினே இருக்கணும். அப்பறம் எங்க போச்சு?"

வக்கீல் கோர்ட்டுக்குக் கிளம்பும்போது பாய் போய் நின்றார். "சாமி, உள்ளாற போற பைப்ப ஒரு தபா பாத்துக்கறேனே."

வக்கீல் கெட்ட மனிதர் அல்ல. மரியாதையாகத்தான் சொன்னார். "உள்ளே பார்க்கறதுக்கு ஒண்ணும் இல்லை பாய். நானே பக்கத்துல நின்னு எல்லாம் சரி பண்ணி வச்சிருக்கேன். நீங்க பாய்லரைப் பாருங்கோ."

குழாய் சமையற்கட்டுச் சுவரைத் துளைத்து, பூஜை அறையை ஒட்டி, கூடம் முழுக்க ஓடித்தான் அந்த அறைக்குப் போகிறது. அந்த வழியில் பாய் நடக்க முடியாது. நாங்களும் நடக்க முடியாது. அன்றைக்கு அது யாரும் வாய்விட்டுச் சொல்லவேண்டிய விஷயமாக இல்லை. புதனன்று பாய் இன்னொரு தடவை கேட்டார். அதே பதில்தான். தோளைக் குலுக்கிக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பினார்.

புதிய பாய்லரை நிறுத்தியது பார்க்கவேண்டிய காட்சி. மூன்று சவுக்கு மரங்களை உச்சியில் சேர்த்துக் கட்டி, கப்பி மாட்டி, முக்கால் டன் இரும்பைத் தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுகிற பதத்தில் செங்கல் மேடையில் இறக்கினார். இறக்கும்போது மேடைக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு வெற்றிலையை வைத்திருந்தார். பாரம் வெற்றிலையைத் தொட்டதும் கையைக் காட்டி நிறுத்தினார். சுற்றிப் பார்த்துவிட்டு, வெற்றிலையை உருவி வாயில் போட்டுக்கொண்டு, "இப்ப வுடு" என்றார். இணைப்புகளுக்குச் சணலும் சிவப்பு ஈயமும் வைத்து அவர் முறுக்கிய எந்தத் திருகிலும் ஒரு சொட்டு கசியவில்லை. சர்க்கார் இன்ஸ்பெக்டர் வந்து, பாய்லரில் தண்ணீரை அழுத்தி ஏற்றிப் பார்த்துவிட்டு, நல்ல சரக்கு என்று எழுதிக்கொடுத்துப் போனார்.

வியாழன் மதியம் மூட்டினோம். பாய்லரின் முன்பக்கம் ஒரு கண்ணாடிக் குழல் இருக்கும். உள்ளே தண்ணீர் எவ்வளவு நிற்கிறதென்று அதில் தெரியும். பாதிக்குக் கீழே போனால் கவனிக்கவேண்டும், அடிக்குப் போனால் ஆபத்து. நான் சவுக்குக் கட்டை போட்டுக்கொண்டிருந்தேன். பாய் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நீராவி ஏறியது. குழாய்க்குத் திறந்துவிட்டார்.

முதலில் வீட்டுக்குள் ஒரு தட்டல் கேட்டது. பிறகு இரண்டு. அப்புறம் சுவருக்குள் யாரோ சம்மட்டி எடுத்து அடிப்பது போல ஆரம்பித்தது. கூடத்தில் மாட்டியிருந்த படம் ஒன்று விழுந்து கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. கொட்டகையில், கண்ணாடிக் குழலில் தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்தது. பாதி, கால், அதற்கும் கீழே.

வக்கீல் கொல்லைக் கதவுக்கு வந்துவிட்டார். அன்று கோர்ட்டுக்குப் போகாமல் வீட்டிலேயே காத்திருந்தார்.

"என்ன பாய் இது, பழசு அடிச்ச மாதிரியே அடிக்கறதே. ரூமுக்குச் சூடே வரலை. இன்னும் கொஞ்சம் எரியவிட்டா வருமா?"

"எரிய வுட்டா இதுவும் பூடும் சாமி" என்று சொல்லிக்கொண்டே பாய் அடுப்பு வாயைத் திறந்து, எரியும் கட்டைகளை வெளியே இழுத்துப் போட்டார். நானும் இழுத்தேன். கொட்டகை முழுக்கப் புகை. தட்டல் மெல்ல மெல்ல அடங்கியது.

"ஏலத்துச் சரக்கு" என்றார் வக்கீல். குரலில் கோபம் இல்லை, அலுப்புதான். "நாளைக்கு மச்சினர் வந்துடுவார். அழைச்சுண்டு போகட்டும். இது ஆகாது."

அப்போதுதான் அந்த அம்மாளை முதன்முதலாகப் பார்த்தேன். புருஷனுக்குப் பின்னால் வந்து நின்றார். இரண்டு கைகளும் மார்புக்கு நேராக, எதையோ பொத்தி வைத்திருப்பது போல மூடியிருந்தன. பொத்தி வைத்திருக்கவில்லை, திறக்க முடியவில்லை.

"பாய், உங்களுக்கு என்ன தோணறது?" என்று நேராக அவரையே கேட்டார்.

"பாய்லரு நல்லாக்கீதும்மா. அத்த சத்தியம் பண்ணுவேன். கோளாறு வூட்டுக்குள்ள. பாக்காத எடத்தப் பத்தி நான் இன்னா சொல்றது?"

"அப்போ வந்து பாருங்கோ."

வக்கீல் திரும்பினார். "இந்த வழியா பூஜை ரூம்..."

"ஊட்டிவிட நான் மன்னிகிட்ட போகணும், இல்லாட்டா இவர் உள்ளே வரணும். ரெண்டுல எது தேவலைன்னு சொல்லுங்கோ."

வக்கீல் வழியை விட்டு விலகி நின்றார். பாய் தொட்டியில் கால் கை கழுவி, தொப்பியைச் சரி செய்துகொண்டு உள்ளே போனார். கட்டையும் சாமானும் எடுத்துவர என்னையும் கையைக் காட்டி அழைத்தார். அந்தக் கூடத்தின் சிவப்புத் தரை கண்ணாடியாக மின்னியது. என் கால் அடையாளம் அதில் விழுந்ததைப் பார்த்தபடியே நடந்தேன்.

குழாய் கூடத்துச் சுவரில், இடுப்பு உயரத்தில், நாற்பது அடிக்கு நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. பாய் ஒரு மரக்குச்சியின் ஒரு முனையைக் குழாயில் வைத்து, மறு முனையைக் காதில் வைத்து, பத்தடிக்கு ஒரு தரம் நின்று நின்று கேட்டார். அறையில் இருந்த ரேடியேட்டர், ஆர்மோனியத் துருத்தியை இரும்பில் வார்த்த மாதிரி ஒரு பெட்டி, தரையோடு உட்கார்ந்திருந்தது. அதன் காலடியில், செங்கல் வைத்து எடுத்த தடமாக, தரை வேறு நிறத்தில் தெரிந்தது. பாய் அங்கே குந்தி வெகுநேரம் பார்த்தார். திரும்பிவந்து கூடத்துச் சுவரில் வெள்ளையடித்த பரப்பை விரல் நுனியால் தடவினார். குழாய்க்கு மேலே, பழைய தாங்கிகள் இருந்த, பூசி அடைத்த ஓட்டைகள் தட்டுப்பட்டன. அறைக்குப் போகப் போக அந்த ஓட்டைகள் குழாயை விட்டு மேலே ஏறிக்கொண்டே போயின.

ஒரே குழாய். ஆவி போவதும் அதில்தான், குளிர்ந்து தண்ணீராகித் திரும்புவதும் அதில்தான். திரும்ப வேண்டுமானால் அறைப்பக்கம் உயர்ந்தும் பாய்லர்ப்பக்கம் தாழ்ந்தும் இருக்கவேண்டும். துரை அப்படித்தான் போட்டிருந்தான். இப்போது அது மட்டமாக இருந்ததால் தண்ணீர் வழியிலேயே தங்கியது. பின்னால் வரும் ஆவி அந்தத் தண்ணீரைத் தூக்கி இரும்பில் அடித்தது. பாய்லர் காய்ந்தது. பாய் இதை எனக்கு விளக்கவில்லை. குச்சியைச் சுவரில் ஓட்டைக்கு ஓட்டை வைத்துக் காட்டினார், அவ்வளவுதான். எனக்கே விளங்கிவிட்டது.

என்ன கோளாறு என்று வக்கீல் கேட்டபோது பாய் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "பழைய வூடு சாமி. செவுரு கொஞ்சம் எறங்கிப் போயிருக்கும்."

"சுவர் இறங்கலை" என்றார் அந்த அம்மாள். "ஏன்னா, நீங்கதானே சொன்னேள், கூடத்துல நுழைஞ்சா குழாய் கோணலா கண்ணை உறுத்தறதுன்னு. அதுக்குத்தானே கொத்தனாரைக் கூப்பிட்டு நேர் பண்ணினேள். கோணலா இருந்துட்டுப் போகட்டுமே. அதுக்கு என்ன வரனா பார்க்கப் போறோம்?"

வக்கீல் அந்த நாற்பது அடிக் குழாயையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு மனைவியின் கைகளைப் பார்த்தார். "எந்த ரூமுக்கு வேணும்னாலும் போங்கோ பாய்" என்றார்.

மறுநாள் காலையில் கொத்தனார் வந்தார். மந்தைவெளிக்காரர், அறுபது வயது, கட்டையான மனிதர். இரண்டு அடி ரசமட்டத்தைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார். எடுத்த எடுப்பில் அதைக் குழாய் மேல் வைத்தார். ரசமட்டத்தின் குமிழ் நட்ட நடுவில் நின்றது.

"பாத்தியா? ரெண்டு வருசம் ஆவப்போவுது, ஒரு நூலு அசையல. இத்த எவன் கோணல்னான்?"

"யாரும் கோணல்னு சொல்லல மேஸ்திரி" என்றார் பாய். "நேரா கீதுன்னுதான் சொல்றோம். அதான் வம்பு."

"இன்னா பாய், காலங்காத்தால நக்கலா?"

பாய் ஒரு மூங்கில் பிளாச்சை எடுத்து மட்டமாகப் பிடித்து, அதில் ஒரு கை தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் அப்படியே நின்றது. கொத்தனார் பார்த்தார். தானே கையை நீட்டிப் பிளாச்சின் ஒரு முனையைத் தூக்கினார். தண்ணீர் ஓடி என் காலில் கொட்டியது.

"தண்ணி போற பைப்புன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாது?" என்றார் பிறகு, யாரிடம் என்று இல்லாமல். "நாப்பது வருசமா மொட்ட மாடிக்கு வாட்டம் வெக்கிறேன். மழத் தண்ணி ஒரு சொட்டு நின்னாலும் ஒடச்சிட்டுத் திரும்ப பூசுவேன். ஆவி போற பைப்புன்னாங்க. ஆவிக்கு இன்னாத்துக்கு வாட்டம்னு வுட்டுட்டேன். எவ்ளோ வேணும், சொல்லு."

"மின்ன இருந்த ஓட்டைய வெச்சுப் பாத்தா, நாப்பது அடிக்கு அரைச்சாண்."

கொத்தனார் கண்ணை மூடி மனசுக்குள் கணக்குப் போட்டார். சமையற்கட்டுப் பக்கம் திரும்பி, "அம்மா, புளியங்கொட்ட ஒண்ணு இருக்குமா?" என்று குரல் கொடுத்தார். மாமி ஒரு கை நிறையக் கொண்டுவந்து வைத்தாள். ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து ஒன்றைப் பொறுக்கினார். அதை ரசமட்டத்தின் பாய்லர்ப்பக்க முனைக்கு அடியில் மெழுகு வைத்து ஒட்டினார். ரசமட்டத்தின் இரண்டு அடிக்கு ஏறவேண்டிய உயரம் கொட்டையின் கனத்தில் அடங்கிவிட்டது.

"இனிமே நடுவுல குமிழு நின்னா, வாட்டம் சரின்னு அர்த்தம்."

பாய் அந்தப் புளியங்கொட்டையைப் பார்த்தார். "மேஸ்திரி, உன்ன கப்பலுக்கு இஸ்துக்கினு போறேன் வா."

"எனக்குத் தண்ணின்னா பயம்பா."

தாங்கி ஒவ்வொன்றையும் பெயர்த்து, உயர்த்தி, ரசமட்டம் வைத்து, சிமெண்டு காயும் வரை மரமுட்டுக் கொடுத்தோம். கொத்தனார் சுவரைத் தொட்டால், பாய் இரும்பைத் தொட்டார். ஒருவர் கை வேலையில் இன்னொருவர் கை குறுக்கிடவில்லை. நான் நடுவில் குழாயைத் தோளில் தாங்கி நின்றேன். ரேடியேட்டரை முன்பு இருந்தது போலவே செங்கல் மேல் ஏற்றி வைத்தோம். மதியம் மூன்று மணிக்கு எல்லாம் முடிந்தது. கூடத்துக் குழாய் பார்க்க அசிங்கமாக, ஏறுமுகமாக, கோணலாக இருந்தது.

மூட்டினோம். பாய் குச்சியைக் காதில் வைத்துக்கொண்டு கூடத்தில் நடந்தார். தட்டல் இல்லை. கொட்டகையில் கண்ணாடிக் குழலைப் பார்க்கும் வேலை எனக்கு. தண்ணீர் சற்று இறங்கியது, நின்றது, பிறகு மெதுவாக ஏறி, முன்பிருந்த இடத்துக்கே வந்தது. போன தண்ணீர் திரும்பிவிட்டது. நான் எத்தனையோ இடங்களில் எத்தனையோ வேலை பார்த்திருக்கிறேன். ஒரு விரலளவு தண்ணீர் ஏறுவதைப் பார்த்து அப்படி நின்றது அன்றைக்குத்தான்.

பொழுது சாயும் நேரத்தில் கோயமுத்தூர் அண்ணா வந்து சேர்ந்தார். தங்கையின் கைகளைப் பார்த்ததும் பெட்டியைக் கட்டச் சொன்னார். ஒரு சாயங்காலச் சூட்டில் மூன்று மாதத்துப் பூட்டு திறந்துவிடவில்லை. சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் அசைந்தது. அந்த அம்மாள் சொன்னது கொட்டகை வரை கேட்டது. "நாளைக்குக் கார்த்தால வரைக்கும் பொறுத்துக்கோ அண்ணா. அப்பவும் என்னால டம்ளரைப் பிடிக்க முடியலைன்னா வரேன்."

பாய்க்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் காத்திருந்தது. சாமான்களைச் சாக்கில் கட்டும்போது வக்கீல் வந்து, காலையில் யார் மூட்டுவது என்று கேட்டார். பாய் என் பக்கம் மோவாயை நீட்டினார்.

"இவன் பாத்துக்குவான். கண்ணாடிய வுட்டுக் கண்ண எடுக்க மாட்டான். இல்ல, இன்னா நைனா, நீ எங்கியோ போய்க்கினு இருந்தியே?"

"எண்ணூருக்கு."

"அங்க இன்னா கீது?"

என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. அவரிடம் அப்படியே சொன்னேன். "அச்சா" என்று சொல்லிவிட்டுச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவரை மறுபடி நான் பார்க்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் அந்த வேலையை எடுத்துக்கொண்டேன். முதலில் கண்ணாடிக் குழலைத் துடைத்துப் பார்த்தேன், பாதிக்கு மேல். மெல்லிய சுள்ளியில் ஆரம்பித்து, பிறகு சவுக்கு, ஒவ்வொன்றாக. அவசரப்படவில்லை. ஆவி ஏறியதும் குழாய்க்குத் திறந்துவிட்டேன். வீடு சத்தமில்லாமல் இருந்தது. ஒரு மணி நேரம் போயிருக்கும், இன்னும் கொஞ்சம்கூட இருக்கும். சமையல் மாமி கொல்லைக் கதவைத் திறந்து வெளியே வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், புகையால் அல்ல.

"ரெண்டு கையாலயும் பிடிச்சுண்டு குடிச்சா. பாதி மேல கொட்டிண்டா. நான் வாங்கிக்கப் போனேன், தரமாட்டேன்னுட்டா."

சற்று நேரத்தில் வாசலில் ஜட்கா வந்து நின்றது. வேலி இடுக்கு வழியாகப் பார்த்தேன். கோயமுத்தூர் அண்ணா ஒரு பெட்டியோடு, தனியாக ஏறினார். நான் குனிந்து இன்னொரு கட்டையை உள்ளே தள்ளினேன். மார்கழி முடியும் வரை, தினம் இரண்டு வேளை, அதுதான் என் வேலை.